தார்ச்சாலையில் நட்ட பந்தக்கால்

அன்புள்ள தம்பிக்கு,

கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கும்போது அம்மா உட்கார்ந்து கடிதம் எழுதுகிறாளே என்று நினைப்பாய். மன்னித்துக்கொள். போனிலேயே சொல்லி முடிக்கக்கூடிய விஷயம்தான், பேசத் தெரிந்தவர்களுக்கு. உன் குரலைக் கேட்டால் "சாப்டியா, தூங்குனியா" என்பதற்கு மேல் எனக்கு வருவதில்லை. நீயும் ஓசூர் கம்பெனியில் ஷிப்டு மாறுகிற இடைவெளியில்தான் பேசுகிறாய். பின்னால் யாராவது உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். போன வாரம் நீ கேட்ட ஒரு கேள்விக்கு நான் பொய் சொன்னேன். உன் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்ட அன்று சித்தப்பா மகள் எடுத்து அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, எல்லாரும் சிரிக்கிறாங்க, நீ மட்டும் மூஞ்சத் தூக்கி வச்சிருக்க?" என்று கேட்டாய். வெயில் கண்ணில் அடித்தது என்றேன். அன்றைக்கு வெயிலே இல்லை. விடிந்ததிலிருந்து மூட்டமாகத்தான் இருந்தது. போட்டோவை மறுபடி எடுத்துப் பார், யாருடைய நிழலும் தரையில் விழுந்திருக்காது.

அந்தப் பொய்யைத் திருத்தத்தான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அப்பா பத்திரிகை வைக்க உடையார்பாளையம் பக்கம் போயிருக்கிறார். வீட்டில் யாரும் இல்லை. இதை உனக்கென்று தொடங்கினாலும் உனக்கு மட்டும் என்று எழுத முடியவில்லை. தெருவில் செய்ததை வீட்டுக்குள் மட்டும் சொல்லி முடிப்பது சரியாகப் படவில்லை. நீயும் நம் வீட்டுக்கு வரப்போகிற கயலும் சரி என்றால், கல்யாணம் முடிந்த பிறகு மற்றவர்களும் படிக்கட்டும். அதனால் இதில் ஒருவருடைய பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். அது யார் என்று உனக்குப் படிக்கும்போதே தெரிந்துவிடும்.

நீ இரண்டாம் வகுப்பில் படித்தபோது, அம்மா என்ன செய்கிறார் என்று டீச்சர் கேட்டதற்கு, "படிக்கிறாங்க" என்று சொல்லி வகுப்பே சிரித்ததாக அழுதுகொண்டு வந்தாய். நீ சொன்னது உண்மை. கல்யாணமாகி, உன்னைப் பெற்ற பிறகுதான் நான் பி.ஏ. படித்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் காலேஜ் படி ஏறியதில்லை. நீ வாய்ப்பாடு சொல்ல, நான் என் பாடத்தை முணுமுணுக்க, ஒரே பாயில் இரண்டு பேரும் படித்தோம். அப்புறம் பரீட்சை எழுதிப் பேரூராட்சி ஆபீஸில் வேலை கிடைத்தது. சாலை, வடிகால், தெருவிளக்கு, பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சின்னப் பூங்கா எல்லாவற்றின் கோப்புகளும் வந்து சேருகிற மேசை எனக்கு வாய்த்தது. அதன் பிறகு யார் கேட்டாலும் நீ, "எங்கம்மா ரோடு போடுறாங்க" என்று சொல்ல ஆரம்பித்தாய். உன் புது டீச்சர் ஒருநாள் என் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, "தார்ச்சட்டி தூக்குற கை மாதிரி இல்லியே" என்றார். நான் விளக்கம் சொல்லாமல் சிரித்துவிட்டு வந்தேன். விளக்கம் சொல்லாமல் சிரித்துவிட்டு வருவதுதான் என் பழக்கம் என்று உனக்குத் தெரியும்.

அந்த மேசை எனக்கு ஏன் அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது என்பதை உனக்கு நான் சொன்னதில்லை. கங்கைகொண்ட சோழபுரம் பக்கத்தில் நான் பிறந்த ஊருக்கு முதல்முதலாகத் தார் ரோடு போட்டபோது நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். ரோடு எல்லாத் தெருவுக்கும் போனது. எங்கள் தெருமுனைக்கு வந்ததும் ரோலர் திரும்பிவிட்டது. பிள்ளைகள் எல்லோரும் பின்னாலேயே ஓடி, "அண்ணே, எங்க தெருவுலயும் ஒருதரம் உருட்டுங்கண்ணே" என்று கத்தினோம். ரோலர் ஓட்டியவர் நல்ல மனுஷர், வண்டியை நிறுத்தி, "எஸ்டிமேட்ல இதுவரைக்குந்தான் பாப்பா" என்றார். எஸ்டிமேட் என்பது யாரோ ஒரு பெரிய ஆளின் பெயர் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கூலி வேலை செய்கிறவர்களின் தெரு என்றால் ரோடு முனையோடு நின்றுவிடும் என்பது வளர்ந்த பிறகுதான் விளங்கியது. ஆபீஸில் சேர்ந்து, "எங்கிருந்து எதுவரை" என்கிற இடத்தை என் கையால் நிரப்பிய முதல் நாளில், ஒரு தெருவின் கடைசி வீடுவரை எழுதிவிட்டு அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவு செய்கிறவள் நான் இல்லை, எழுதுகிறவள்தான். இருந்தாலும் அன்றைக்கு எனக்கு மிகவும் பெருமையாக இருந்தது.

அப்பாவுக்கு இதெல்லாம் வேடிக்கை. ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டிவிட்டு, தலையெல்லாம் வெள்ளைத் தூசியோடு வந்து உட்கார்ந்து, "நா ஓட்டி ஒடைக்கிறேன், நீ போட்டுக் குடுக்குற. ரெண்டு பேருக்கும் வேலை போவாது" என்பார். அவர் சொல்வதில் தப்பில்லை. ஆனால் நம் ஊர்ச் சின்னத் தெருக்களில் டிப்பர் வருவதில்லை. அங்கே ரோட்டை உடைப்பது நாம்தான். கோயில் திருவிழாவுக்கு அலங்கார வளைவு, கட்சிக்காரர்களுக்குக் கொடிக்கம்பம், காதுகுத்துக்கு ஷாமியானா, எல்லாவற்றுக்கும் கடப்பாரையால் குழி போடுகிறோம். விசேஷம் முடிந்ததும் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறோம், குழியை யாரும் எடுத்துக்கொண்டு போவதில்லை. அதில் மழைத்தண்ணீர் இறங்கி, கீழே இருக்கிற ஜல்லியின் பிடி விட்டு, ஒரு வண்டிச் சக்கரம் விளிம்பை உடைத்து, அடுத்த மழைக்குள் கையகலக் குழி தாம்பாளமாகிவிடும். நீ ஏழாவது படிக்கும்போது சைக்கிளோடு விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டது அப்படியொரு திருவிழாக் குழியில்தான். பத்திரிகைக்கு எடுத்த போட்டோவில்கூட நீ வாயை மூடிக்கொண்டுதான் சிரித்திருக்கிறாய்.

நம் தெருவும் மேட்டுத் தெருவும் எவ்வளவு காலம் சேறாகக் கிடந்தன என்று நீ பார்த்திருக்கிறாய். குடிதண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டினார்கள், மூடினார்கள். குழாய் ஒழுகுகிறது என்று மறுபடியும் தோண்டினார்கள். மழைக்காலத்தில் பால்காரர் தெருமுனையிலேயே நின்று ஹாரன் அடிப்பார், நாம்தான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய் வாங்கி வரவேண்டும். கடைசியாக இந்த வருஷம் இரண்டு தெருவுக்கும் சேர்த்துத் தார் போட்டார்கள். புது ரோட்டில் யாரும் பந்தலுக்குக் குழி போடக்கூடாது, வேறு காரணத்துக்கு வெட்டுவதாக இருந்தாலும் அனுமதி வாங்க வேண்டும் என்று செயல் அலுவலர் உத்தரவு போட்டார். அதைக் குப்பை வண்டி மைக்கில் தெருத்தெருவாகச் சொல்ல வேண்டும், "நாலு வரி எழுதிக் குடுங்க மேடம், ஒங்களுக்குத்தான் தமிழ் நல்லா வரும்" என்றார். ஆசையாக எழுதிக் கொடுத்தேன். "இது நம் சாலை. பல காலம் காத்திருந்து கிடைத்தது. இன்று நீங்கள் தோண்டும் குழியில் நாளை உங்கள் பிள்ளையின் சைக்கிள் விழும்." எழுதும்போது உன் பல்லைத்தான் நினைத்துக்கொண்டேன். டைப்பிஸ்ட் பெண்ணின் குரலில் பதிவு செய்தார்கள். எனக்கு மைக் முன்னால் வாய் வராது.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் மேட்டுத் தெருவில் ஒரு கல்யாணம். அந்த வீட்டு அம்மாவைச் செண்பகம் என்று வைத்துக்கொள்வோம். பஸ் ஸ்டாண்டு எதிரில் தள்ளுவண்டியில் இட்லி போடுகிறவர். புருஷன் இல்லை, ஒரே மகள். நான் டிபன் கட்டிக்கொண்டு போக முடியாத நாட்களில் அவரிடம்தான் வாங்குவேன். "அக்காவுக்கு ரெண்டு வடை தனியா வை" என்று மகளிடம் சொல்லுவார். அந்த மகளுக்குத்தான் கல்யாணம். வாசலில் பந்தக்கால் நட்டிருக்கிறார்கள், புது ரோட்டில். யாரோ கவுன்சிலருக்குச் சொல்ல, அவர் ஆபீஸுக்குச் சொல்ல, செயல் அலுவலர் என்னைக் கூப்பிட்டார். "பொம்பளைங்க விஷயம், நீங்களே போயிச் சொல்லிடுங்க மேடம். ஒருத்தரை விட்டா ஊரே தோண்டும்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

போனேன். கழுத்தில் அடையாள அட்டை. கூட ஆபீஸ் உதவியாளர். மூங்கில்கால் உச்சியில் மாவிலை கட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, அன்றைக்குக் காலையில்தான் நட்டிருந்தார்கள். பால் ஊற்றிய ஈரம் தாரில் காயவில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் செண்பகம் முதலில் சிரித்தார், விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். பிறகு, "நட்ட காலப் புடுங்கலாமாக்கா? நாளு பாத்து நட்டது. கல்யாணம் முடியிற வரைக்கும் யாரும் தொடக்கூட மாட்டாங்களே" என்றார். நான், "ரூல்ஸுங்க. பெயிண்ட் டப்பால மணல் போட்டு நடுங்க. மெட்ராஸுல மாடி வீட்டுக்காரங்கள்லாம் அப்படித்தான் பண்றாங்களாம்" என்றேன். அவருடைய தம்பி குறுக்கே வந்தார். "பெரிய தெருவுலயும் போயி இப்படிச் சொல்லுவீங்களா? நாளைக்கு ஒங்க வூட்டுக் கல்யாணத்துக்கும் டப்பாதானா?" என்று கேட்டார். கூடி நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தயங்கவே இல்லை தம்பி. "ஆமாங்க, எங்க வூட்டுக்கும் டப்பாதான்" என்றேன். என் குரல் எனக்கே கணீரென்று கேட்டது.

செண்பகம் யாரையும் தொட விடாமல் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தானே காலைப் பிடுங்கினார். குழிக்குள் கையை விட்டு, நவதானியத்தையும் காசையும் பால் ஊறின மண்ணோடு அள்ளி அள்ளி, வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்த பெயிண்ட் டப்பாவில் போட்டார். ஒரு தானியம்கூட விடக்கூடாது என்பது போலத் துழாவினார். முடித்துவிட்டு நிமிர்ந்து, "போதுங்களா மேடம்?" என்றார். அன்றைக்கு வரை நான் அவருக்கு அக்கா. ஆபீஸுக்குத் திரும்பும்போது என் கடமையைச் செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன். உதவியாளர்கூட, "மேடம், நீங்க இப்படிப் பேசுவீங்கன்னு தெரியாது" என்றார். அதைக் கேட்டு உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். உன் பந்தக்காலுக்காக நான் டப்பா தயாராக வைத்திருந்தேன். வீட்டுக்கு வெள்ளையடித்த பெரிய பெயிண்ட் டப்பாவைக் கழுவி, மணல் நிரப்பி, மஞ்சள் பூசிப் பின்கட்டில் வைத்திருந்தேன். அன்று காலை பெரிய அத்தை வந்தார். வடக்குப் பார்த்த வீட்டுக்கு ஈசானிய மூலையில்தான் கால் நட வேண்டும் என்றார். நம் வீட்டுக்கு அந்த மூலை வாசல்படிக்கு வெளியே விழுகிறது. படியை விட்டு இறங்கினால் தெருதான். நான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த மூலையில் வைத்தேன். அத்தை அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஏன்டி, புள்ளைக்குக் கால் நடுறியா, ரோசாச்செடி வைக்கிறியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உன் சித்தப்பா, "அண்ணி தெனமும் தண்ணி ஊத்துவாங்க, பேரன் பொறக்கும்போது பூத்துடும்" என்றார். அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "இல்லீங்க, ரோடு புதுசு..." என்று ஆரம்பித்தேன், முடிக்கவில்லை. "ஒன் ஆபீஸ் சட்டத்த ஆபீஸோட வச்சுக்க. மண்ணுல எறங்காத காலு நிக்குமா?" என்றார் அத்தை. அப்பா என் பக்கத்தில் வந்து மெதுவாக, "விடு, ஒத்தக் குழிதான. கல்யாணம் முடிஞ்சதும் நானே சிமெண்டு வச்சு அடைச்சுடறேன்" என்றார்.

சித்தப்பா கடப்பாரையை எடுத்தார். புதுத் தார் சுலபத்தில் உடையவில்லை, கடப்பாரை எகிறி எகிறி வந்தது. "ரோடு நல்லாத்தான் போட்டிருக்கானுவ" என்று யாரோ பாராட்டினார்கள். அந்தப் பாராட்டைக் கேட்டுக்கொண்டு நான் மஞ்சள் தட்டைப் பிடித்தபடி நின்றேன். பிறகு சுமங்கலிகள் வரிசையாகக் குங்குமம் வைத்தோம், நவதானியம் போட்டோம், பால் ஊற்றினோம். மூன்றாவதாக ஊற்றியது நான். போட்டோ எடுத்தது அப்போதுதான். அது முடிந்ததும் பந்தல்காரர், "பெரிய குழியே போட்டாச்சு, இனி என்னாங்க" என்று எதிர்வீடு வரைக்கும் இரண்டு வரிசையாக ஷாமியானாவுக்குக் குழி போட்டுக்கொண்டே போனார். முதல் குழியாவது சாமி பேரைச் சொல்லிப் போட்டது, மற்ற குழிகளுக்கு அந்தச் சாக்குகூட இல்லை. யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்கிற ஆளாக நான் அங்கே இல்லை.

மறுநாள் செயல் அலுவலர் வாழ்த்துச் சொல்ல வந்தார். குழியைத் தாண்டித்தான் படியேறினார். வடை, காபி சாப்பிட்டுவிட்டு, "பந்தல் அமர்க்களமா இருக்கு மேடம்" என்றார், அவ்வளவுதான். ஆபீஸில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சீட்டில் உட்காரும்போது பேச்சு ஒரு கணம் நின்று மறுபடி தொடங்குகிறது. ஆனால் என்னை உட்கார விடாமல் அடிப்பது அதுவல்ல, குப்பை வண்டி. தினமும் காலையில் நான் எழுதிக்கொடுத்த வரிகளைச் சொல்லிக்கொண்டு அது நம் தெருவுக்குள் வருகிறது. அதை ஓட்டுகிற மல்லிகாவை உனக்குத் தெரியும். முனையில் திரும்பும்போது முழுச் சத்தத்தில் கேட்கும். நம் வீட்டுக்கு நாலு வீடு முன்னால் வரும்போது மல்லிகா கையை நீட்டிச் சத்தத்தைக் குறைத்துவிடுகிறார். நான் குப்பை வாளியைக் கொடுக்கிறேன், அவர் வாங்கிக் கொட்டுகிறார், இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கொள்வதில்லை. நம் பந்தலைத் தாண்டிய பிறகு மறுபடி சத்தம் கூடுகிறது. மரியாதைக்காகத்தான் செய்கிறார். அவர் அப்படியே சத்தமாக ஓட்டிக்கொண்டு போயிருந்தால் எனக்கு இவ்வளவு கூசியிருக்காது.

போன செவ்வாய்க்கிழமை செண்பகம் நம் தெரு வழியாக வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஷாமியானாக் கம்பத்தின் குழி விளிம்பில் வண்டிச் சக்கரம் சிக்கிக்கொண்டது. நான் வாசலில் கோலப்பொடியோடு நின்றிருந்தேன், உள்ளே ஓடவும் முடியவில்லை. இறங்கிப் போய் வண்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். அவர் பந்தக்காலை அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். "ஒங்க வூட்டுக் காலு நல்லா ஆழமா நிக்குது மேடம். நிக்கட்டும்" என்றார். குத்தலாகச் சொல்லியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். நிஜமாகவே நிற்கட்டும் என்றுதான் சொன்னார். நான், "பாப்பா எப்படி இருக்குங்க?" என்று கேட்டுவிட்டேன். "இருக்கா மேடம். மாப்ள தங்கமான புள்ள. மாமியாதான். பால் பொங்கி வழிஞ்சாலும், ஆடு சீக்குல வுழுந்தாலும், 'நட்ட காலப் புடுங்குன வூட்டுப் பொண்ணு, இப்படித்தான் ஆவும்'னு சொல்லுதாம். போன்ல அழுவுறா. நா என்னா பண்ண, நாந்தான புடுங்குனேன்" என்றார். நான் பிடுங்கச் சொன்னேன் என்று அவர் சொல்லவில்லை. அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார், நான் கோலம் போடாமலே உள்ளே வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து ஒன்றையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். என்னைச் சின்ன வயதிலிருந்து எல்லோரும் கூச்ச சுபாவம் என்று சொல்வார்கள். நானும் அதை நம்பி, அதற்குள் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டேன். பேசாததெல்லாம் கூச்சத்தால்தான், கெட்ட மனசால் இல்லை என்று எனக்கு நானே நற்சான்று கொடுத்துக்கொண்டேன். ஆனால் செண்பகத்தின் வாசலில் எனக்குக் கூச்சம் வரவில்லையே. அங்கே கணீரென்று பேசினேனே. அத்தை முன்னால், சித்தப்பா சிரிப்பு முன்னால், செயல் அலுவலரின் வடைத் தட்டு முன்னால்தான் எனக்கு வாய் அடைத்துக்கொள்கிறது. அப்படியென்றால் அதன் பெயர் கூச்சம் இல்லை. எந்தத் தெருமுனையில் ரோலர் திரும்பியதோ அந்தத் தெருவில் பிறந்தவள் நான். ஒரு மேசை கிடைத்ததும், சட்டத்தை எதுவரை கொண்டுபோவது, எங்கே திருப்பிக்கொள்வது என்று எனக்கும் தெரிந்துவிட்டது. நீ அங்கே ஒரு லைனுக்குச் சூப்பர்வைசர். உனக்கு அம்மா சொல்லக்கூடியது இது ஒன்றுதான்: யாரிடம் உனக்கு வாய் வருகிறது, யாரிடம் வரவில்லை என்று அவ்வப்போது கவனித்துக்கொள். என்னைக் கேட்டால், நம் குணத்தை அதில்தான் பார்த்துக்கொள்ள முடியும். நான் கொஞ்சம் தாமதமாகப் பார்த்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலமே அப்பாவிடம் பேசினேன். காலைப் பிடுங்கி, மேற்குப் பக்கம் நீ வண்டி நிறுத்துகிற நம் சொந்தச் சந்தில் நட்டுவிடலாம் என்றேன். அவர் கோபப்படவில்லை. "நட்டதப் புடுங்குனா அக்கா கல்யாணத்துக்கே வராது. அத வுடு. புள்ள வாழ்க்கைல நாளைக்கு ஒண்ணுன்னா, அன்னிக்குப் புடுங்குனமேன்னு நீயே உக்காந்து அழுவ" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. எனக்கும் பயம் இருக்கிறது. பி.ஏ. படித்துவிட்டால் அந்தப் பயம் போய்விடும் என்று நினைத்துக்கொள்ளாதே. உனக்கு ஒரு காய்ச்சல் வந்தால்கூட என் நினைப்பு முதலில் அந்தக் குழிக்குத்தான் போகும். செண்பகத்துக்கும் அதே பயம் இருந்திருக்கும், அதோடுதான் அவர் தானியத்தை அள்ளியிருக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டே நின்றவள் நான்.

இவ்வளவு எழுதியும் கேட்க வேண்டியதைக் கேட்காமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன். இனிக் கேட்டுவிடுகிறேன். உன் பந்தக்காலை நீ வந்து பிடுங்க வேண்டும். மேற்குச் சந்தில், நம் மண்ணில், நீயே நட வேண்டும். நான் சொல்லி அப்பா கேட்கமாட்டார். நீ நின்று செய்தால் தடுக்கமாட்டார். ஷாமியானாவையும் அவிழ்த்துவிடலாம், சாப்பாடுதான் மண்டபத்தில் ஏற்பாடாகியிருக்கிறதே. மற்ற குழிகளை எப்படி அடைக்க வேண்டும், யாரிடம் எழுதிக்கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் அதற்கு முன்னால் நீ கயலிடம் கேட்க வேண்டும். அவசரமாகப் போனில் கேட்காதே. பெரம்பலூரில் இறங்கி, அவள் லேபில் வேலை முடித்து வருகிறவரை காத்திருந்து, நேரில் கேள். செண்பகத்தின் மகள் என்ன பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறாள் என்பதை மறைக்காமல் சொல். காலைப் பிடுங்குவது நீயாக இருந்தாலும், நாளைக்கு இந்த வீட்டில் ஒரு பால் பொங்கி வழிந்தால் பேச்சு உன் மேல் வராது, அவள் மேல்தான் வரும். அது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம், அதற்காக அவளை நான் ஒருநாளும் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். கல்யாணம் முடிகிறவரை மல்லிகாவின் வண்டிக்கு முன்னால் தலைகுனிந்து நிற்கிறேன்.

அவள் சரி என்றால், காலையில் தெரு முழுக்க ஆள் இருக்கிற நேரத்தில் செய். அத்தை வந்து, யார் சொல்லி இதைச் செய்தாய் என்று நிச்சயம் கேட்பார். அப்போது ரூல்ஸ் என்று சொல்லாதே, ஆபீஸ் என்று சொல்லாதே, கயல் பெயர் தப்பித் தவறிக்கூட வாயில் வரக்கூடாது. எங்கம்மா சொன்னாங்க என்று சொல். நான் அடுப்படிக்குப் போய்விடமாட்டேன், உன் பக்கத்திலேயே நிற்பேன்.

இப்படிக்கு,
அம்மா